எம்.ஜி.பி.யை ஏற்காட்டுக்குத் தயார் செய்வது: வேலையை இறக்கத்திலிருந்து தொடங்குங்கள்

எம்.ஜி.பி. போன்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் ஓடுவது பெயின்டரிடம். சேலத்தில் இருப்பவர் அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்வது நல்லது. இங்கே வண்டியை எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அது போகப்போவது ஏற்காட்டுக்குத்தான். நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டரில் இருக்கிறது, ஏற்காடு 1500 மீட்டரில். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது வண்டி மக்கர் செய்தால் ஓரங்கட்டி, கல் வைத்து, பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கலாம். இறங்கும்போது அந்த வசதி கிடையாது.

ஒரு சின்னக் கணக்கு. இரண்டு பேரும் சாமானும் சேர்த்து எம்.ஜி.பி. 1100 கிலோ என்று வையுங்கள். 1200 மீட்டர் கீழே இறங்கும்போது வெளியாகிற ஆற்றல் மூன்று குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் எஞ்சினும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் முன்பக்கம் இரண்டு டிஸ்க்கிலும் பின்பக்கம் இரண்டு டிரம்மிலும்தான் இறங்கும். பிரேக் வேலையை முதலில் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் செய்யப்பட்டது. எஞ்சின் 1798 சி.சி. இந்தக் குறிப்புகள் அதை வைத்தே எழுதப்பட்டவை. டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், எம்.ஜி. டி வரிசை வண்டிகளுக்கு மாறுபடும் விஷயங்கள் ஆங்காங்கே வரும்.

வாங்கும் முன்

எஞ்சின் புகைந்தால் கவலை இல்லை, அதைப் பிரித்துக் கட்டிவிடலாம். பார்க்க வேண்டியது துரு. எம்.ஜி.பி.க்குத் தனிச் சேசிஸ் கிடையாது, உடல்தான் சேசிஸ். கதவுக்குக் கீழே ஓடும் சில் வெளியே அழகுத் தகடு போலத் தெரிந்தாலும் வண்டியின் முதுகெலும்பே அதுதான். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி சில் நெடுக நகர்த்துங்கள். பிடிப்பு விட்டுப்போகும் இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை மறைத்துப் பூசிய பட்டிதான் (புட்டி) இருக்கிறது. அடுத்து, கதவைச் சாத்தி இடைவெளியைப் பார்த்துக்கொண்டு, சில்லுக்கு அருகே ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்குங்கள். கதவு இறுகினாலோ இடைவெளி மாறினாலோ வண்டி நடுவில் வளைகிறது என்று அர்த்தம். விலையைக் குறையுங்கள், அல்லது கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

சேசிஸ் எண்ணின் தொடக்கம் ஜி.எச்.என். என்றிருந்தால் திறந்த வண்டி, ஜி.எச்.டி. என்றால் கூரை மூடிய ஜி.டி. எஞ்சின் எண் 18ஜி, 18ஜி.ஏ. என்று தொடங்கினால் கிராங்கில் மூன்று மெயின் பேரிங், 18ஜி.பி. முதல் ஐந்து. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் தகட்டில் உள்ள எண்ணும் ஓர் எழுத்துக்கூட மாறக்கூடாது. 2021-ல் வந்த மத்திய விதிப்படி முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று வி.ஏ. வரிசையில் பதிவு செய்யலாம். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்க முடியும். பழைய பதிவு உயிரோடு இருந்தால் அதைப் புதுப்பித்து வைத்துக்கொள்வதே ஏற்காடு போகிறவருக்கு லாபம்.

சில் மாற்றுவதாக இருந்தால் இரண்டு விஷயங்களில் டிங்கரை விட்டுக்கொடுக்காதீர்கள். கதவைக் கழற்றும் முன் கதவு வாயின் குறுக்கே சதுரக் குழாய் வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தில் கை வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்றாக அறுத்தால் உடல் தொய்ந்து, பிறகு எந்தக் கதவும் ஒழுங்காகச் சாத்தாது. வெளித் தகட்டை மட்டும் மாற்றுவது ஏமாற்று வேலை. உள்ளே நிற்கும் நடுத்தகடும் அடியில் ஓடும் இரும்புப் பட்டையும் சேர்ந்தால்தான் பெட்டி போல வலு வரும். 1.2 மி.மீ. தகடு போதும். கேஸ் வெல்டிங்கில் நீளமாக இழுத்தால் தகடு நெளியும். 25 மி.மீ.க்கு ஒரு துளை போட்டு மிக் வெல்டிங்கால் நிரப்புங்கள். முடிந்ததும் உள்ளே மெழுகு பீய்ச்ச மறக்காதீர்கள். மலை மூடுபனி உள்ளிருந்துதான் அரிக்கும்.

ஸ்பேனர்

எம்.ஜி.பி.யில் நட்டு, போல்ட்டு எல்லாம் அங்குல அளவு. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. அதில் 13 ஸ்பேனரைப் போட்டால் முதல் தடவை திரும்பிவிடும், மூன்றாவது தடவை தலை உருண்டுவிடும். செவ்வாய்ப்பேட்டை இரும்புக் கடைகளில் 7/16, 1/2, 9/16 கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் முக்கால்வாசி வேலை முடியும்.

எம்.ஜி. டி வரிசையின் டி.சி., டி.டி. வண்டிகள் வைத்திருப்பவருக்கு வேறொரு பொறி உண்டு. அவற்றின் 1250 சி.சி. எக்ஸ்.பி.ஏ.ஜி. எஞ்சினில் போல்ட்டின் தலை விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு, மரையோ மெட்ரிக். தலையைப் பார்த்து மரையை ஊகித்து வேறு போல்ட்டை முறுக்கினால் பிளாக்கில் மரை போய்விடும்.

சேலத்தில் எவர்சில்வர் போல்ட்டு எளிதில் கிடைக்கிறது என்பதற்காக வண்டி முழுக்க மாட்டும் ஆசை பலருக்கு வரும். பம்பருக்கும் விளக்குக்கும் மாட்டுங்கள், புகைக்குழாயையும் எவர்சில்வரில் செய்யுங்கள். சஸ்பென்ஷனிலும் பிரேக் காலிப்பரிலும் வேண்டாம். கடையில் கிடைக்கும் சாதாரண எவர்சில்வர் போல்ட்டு உயர்தர எஃகுப் போல்ட்டின் வலுவுக்கு வராது. மரையும் ஒன்றையொன்று கடித்துப் பூட்டிக்கொள்ளும்.

பிரேக்

பழைய எம்.ஜி.பி.களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். எங்கே ஒழுகினாலும் நான்கும் போகும். அதனால் "இது நல்லாத்தான் இருக்கு" என்று எதையும் விட்டுவைக்காதீர்கள்.

ரப்பர் ஹோஸ் மொத்தம் மூன்று: முன்னால் இரண்டு, பின் ஆக்ஸிலுக்கு ஒன்று. வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே ஊதி அடைத்திருக்கும். மிதித்தால் எண்ணெய் போகும், காலை எடுத்தால் திரும்பாது. பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடி, மூன்றாவது வளைவிலேயே வாடை அடிக்கும். மூன்றையும் மாற்றிவிடுங்கள். இரும்புக் குழாய்களில் துரு புள்ளியிட்டிருந்தால் அவற்றையும் மாற்றுங்கள். செம்பு-நிக்கல் கலப்புக் குழாய் நல்லது. வெறும் செம்பு அதிர்வில் இறுகி வெடிக்கும்.

மாஸ்டர் சிலிண்டரின் உட்சுவரில் விரல் நகம் தட்டும் அளவுக்குக் குழி இருந்தால் ரப்பர் கிட் மட்டும் போடுவது வீண். சிலிண்டர் புதிதாகக் கிடைக்காவிட்டால் நல்ல லேத் பட்டறையில் கடைந்து எவர்சில்வர் ஸ்லீவ் ஏற்றலாம். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். எண்ணெய்த் தொட்டியிலிருந்து சிலிண்டருக்குள் இறங்கும் ஊசி முனை அளவுத் துளை ஒன்று உண்டு. ஸ்லீவ் அதை மூடிவிடும். அதே இடத்தில் மறுபடி துளையிட்டு, உள்ளே பிசிறு இல்லாமல் தேய்க்க வேண்டும். துளை அடைந்திருந்தால் எண்ணெய் சூடேறி விரியும்போது திரும்பிப் போக வழியில்லாமல் பிரேக் தானாக இறுகும். பிசிறு இருந்தால் புது ரப்பரைக் கிழிக்கும்.

எண்ணெய் டாட் 4. புதிதாக அடைத்தது 230 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்கும். காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சியபின் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் தரை வரை போகும். ஆகவே வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், முழுதாக மாற்றுங்கள். ஒரு லிட்டர் வாங்கினால் பழையதைத் தள்ளிச் சுத்தமாக நிரப்பக் காணும். காற்று எடுப்பதை மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் அது இடது பின்சக்கரம். உதவிக்கு மிதிப்பவர் பெடலைத் தரை வரை அழுத்தக்கூடாது. பழைய சிலிண்டரில் வழக்கமாக ரப்பர் போகாத பகுதியில் துரு இருக்கும், அங்கே போனால் ரப்பர் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

பின் டிரம்முக்குத் தகட்டின் பின்னால் சதுரத் தலை அட்ஜஸ்டர் இருக்கிறது. சக்கரம் பூட்டும் வரை முறுக்கி, தாராளமாகச் சுழலும் வரை பின்வாங்குங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளை அதற்குப் பிறகே தொட வேண்டும். முதலில் கேபிளை இழுத்து வைத்துவிட்டு டிரம்மைச் சரிசெய்வது தலைகீழ் வேலை.

கம்பிச் சக்கரம்

கம்பிச் சக்கர வண்டியில் நடுவில் இறுகும் காதுநட்டு இடப்பக்கம் சாதாரண மரை, வலப்பக்கம் எதிர்மரை. சுருக்கமாக: சக்கரம் முன்னோக்கி உருளும் திசையில் திருப்பினால் நட்டு கழல வேண்டும். யாராவது ஹப்பை இடம் மாற்றிப் பூட்டியிருந்தால் ஓட ஓட நட்டு தானே தளரும். புதிதாக வாங்கிய வண்டியில் இதை முதல் நாளே பாருங்கள். அடிக்க ஈயச் சுத்தி அல்லது செம்புச் சுத்தி, இரும்புச் சுத்தி அல்ல.

ஹப்பின் பற்கள் தேய்ந்தால் கியரில் விட்டு வாங்கும்போது "டங்" என்று ஒரு சத்தம் வரும். சக்கரத்தை மட்டும் புதிதாக மாற்றினால் தேய்ந்த ஹப் அதையும் தின்றுவிடும், இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஸ்போக்கை ஒவ்வொன்றாகத் திருப்புளியால் தட்டுங்கள், மொத்தையாக ஒலிப்பது தளர்ந்தது. ரிம்முக்குள் ஸ்போக் முனை இருப்பதால் டியூபும் ரிம் டேப்பும் கட்டாயம். ரேடியல் டயருக்குக் காற்று முன்னால் 21, பின்னால் 24 பி.எஸ்.ஐ. டயர் கடையில் கேட்காமலே 35 அடித்துவிடுவார்கள். பக்கத்திலேயே நில்லுங்கள்.

கூலிங்

சேலம் போர்வெல் தண்ணீர் உப்பு. அதை ஊற்றிய ரேடியேட்டர் இரண்டு கோடையில் குடத்தின் அடி போல வெள்ளை பூத்துவிடும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் மட்டுமே. ஹீட்டரை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் மொத்தம் ஏறக்குறைய 5.4 லிட்டர் பிடிக்கும். நிரப்பும் முன் பிளாக்கின் வலப்பக்கம், பின்னால் உள்ள வடிகால் குழாயைக் கழற்றிப் பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் தண்ணீர் இல்லை என்று நினைக்காதீர்கள், சேறு அடைத்திருக்கிறது. கம்பியால் குத்தி, எதிர்த்திசையில் ஹோஸ் வைத்துத் தெளிவாக ஓடும் வரை கழுவுங்கள். கடைசி சிலிண்டர் சூடாவதற்குப் பெரும்பாலும் அந்தச் சேறுதான் காரணம்.

ரேடியேட்டரை லாரி ரேடியேட்டர் பட்டறையில் கொடுத்தால் மேல்தொட்டியைப் பிரித்து ஒவ்வொரு குழலிலும் கம்பி விட்டுத் தருவார்கள். சங்ககிரி, நாமக்கல் பக்கத்தில் இந்தக் கைவேலைக்குக் குறைவில்லை. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் தொய்ந்திருந்தால் வளைவு ஏற்றித் தருவதற்கும் அங்குள்ள லாரிப் பட்டறைக்காரர்களே சரியான ஆட்கள். ஆனால் "ஒரு பட்டை சேர்த்துப் போட்டுடலாம் சார்" என்பதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். இது சிமென்ட் ஏற்றப்போகிற வண்டி இல்லை.

1500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். அதைத் தடுப்பது ரேடியேட்டர் மூடியின் அழுத்தம்தான். ஆரம்ப கால வண்டிக்கு 7 பி.எஸ்.ஐ., பிந்தையதற்கு 10. மூடி ரப்பர் காய்ந்திருந்தால் ரேடியேட்டர் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது நம்மூர் வழக்கம். அப்படிச் செய்தால் இறக்கத்தில் எஞ்சின் குளிர்ந்து ஆயில் கெட்டியாகிறது, சிலிண்டரும் சீக்கிரம் தேய்கிறது. 82-க்குப் பதில் வெப்பநாட்டுக்கான 74 டிகிரி தெர்மோஸ்டாட் போடுங்கள். இவ்வளவும் செய்தபின்னும் முள் ஏறினால் ரேடியேட்டரை விட்டுவிட்டு இக்னிஷன் டைமிங்கைப் பாருங்கள். டைமிங் பின்தங்கிய எஞ்சின் ஏற்றத்தில் கொதிக்கத்தான் செய்யும்.

பெட்ரோலும் எஸ்.யூ. கார்புரேட்டரும்

இன்று பங்கில் வருவது 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரும் கார்க்கும் அதில் ஊறி உப்பும், பிறகு உதிரும். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். ஃப்ளோட் ஊசி, ஜெட் குழாய் ஆகியவற்றின் ரப்பரும் வைட்டானாக இருக்கட்டும். எஸ்.யூ. நிறுவனத்தின் இந்த இரண்டு கார்புரேட்டர்களும் புகைக்குழாய்க்கு நேர் மேலே உட்கார்ந்திருப்பதால் நடுவில் உள்ள சூடு தடுப்புத் தகட்டைத் தொலைத்துவிட்டு ஓட்டாதீர்கள்.

எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், வெறும் பெட்ரோலுக்கு அமைத்த கார்புரேட்டர் ஏறக்குறைய 7 சதம் பெட்ரோல் குறைவாகக் கொடுப்பது போல் ஆகும். கலவை மெலிந்தால் சூடு. சரிசெய்யும் வரிசை இது. முதலில் வால்வு இடைவெளி: எஞ்சின் ஆறிய நிலையில் 15 தௌ, அதாவது 0.38 மி.மீ. அடுத்து பாயின்ட் 0.35 முதல் 0.40 மி.மீ., பிளக் 0.64 மி.மீ. இவை சரியாகும் முன் கார்புரேட்டரைத் தொட்டால் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள். பிறகு எச்.எஸ்.4 கார்புரேட்டரின் தலை மூடியைக் கழற்றி 20 கிரேடு ஆயிலை உள்குழலின் மேல்விளிம்புக்கு மேல் 13 மி.மீ. நிற்கும்படி ஊற்றுங்கள். கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தூக்கி விட்டால் "டக்" என்று உட்கார வேண்டும். ஜெட்டை மேல் மட்டத்துக்குக் கொண்டுவந்து, அடியில் உள்ள அறுகோண நட்டை 12 பக்கம், அதாவது இரண்டு முழுச் சுற்று, கீழே இறக்குங்கள். இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்று இழுக்கின்றனவா என்று ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேளுங்கள், சீற்றம் சமமாக இருக்க வேண்டும்.

இப்போது எஞ்சின் சூடான நிலையில் கார்புரேட்டர் பிஸ்டனை ஒரு மி.மீ.க்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், நட்டை மேலே ஏற்றுங்கள். தடுமாறி விழுந்தால் குறைவு, கீழே இறக்குங்கள். கண நேரம் ஏறி அடங்கினால் சரி. ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கத்துக்கு மேல் திருப்ப வேண்டாம். ஏற்றம் ஏறி வந்தபின் பிளக்கைக் கழற்றினால் பால் தூக்கலாக ஊற்றிய காபியின் நிறம் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் இன்னும் ஒரு பக்கம் இறக்குங்கள். இந்த அமைப்பைச் சேலத்திலேயே செய்யுங்கள். ஏற்காட்டில் காற்று மெலிதாக இருப்பதால் அங்கே கலவை கொஞ்சம் கனமாகத் தெரியும். அதைப் பார்த்து மேலே நட்டைத் திருகினால் கீழே வரும்போது மெலிந்துவிடும். 1972 முதல் வந்த எச்.ஐ.எஃப். ரகத்தில் நட்டுக்குப் பதில் பக்கவாட்டுத் திருகு இருக்கும், தத்துவம் அதேதான்.

சாவி போட்டதும் பின்னால் எஸ்.யூ. பம்ப் "டிக் டிக்" என்று அடித்து நிற்க வேண்டும். எஞ்சின் ஓடாதபோதும் நிற்காமல் அடித்தால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது ஃப்ளோட் ஊசி ஒழுகுகிறது. இரண்டாவதாக இருந்தால் சூடான புகைக்குழாய்மேல் பெட்ரோல் சொட்டும். அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள்.

ஈயம் கலக்காத பெட்ரோலில் பழைய புகை வால்வு இருக்கைகள் மெல்ல உள்வாங்கும், முழு மிதியில் மலையேறினால் இன்னும் வேகமாக. அடையாளம்: வால்வு இடைவெளி ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வரும். ஹெட் எப்போதாவது பட்டறைக்குப் போகும்போது கடின இருக்கை வளையம் போட்டுவிடுங்கள், அதற்காகவே ஹெட்டை இறக்கத் தேவையில்லை. இந்த வேலைக்கு ஸ்கேனர் வைத்த பட்டறையைவிடப் பழைய அம்பாசடர் மெக்கானிக் மேல். அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சினும் இதுவும் பி.எம்.சி. பி-சீரிஸ் என்ற ஒரே குடும்பம், அவர் கைக்குப் பழகியது. ஆனால் உறவு இருக்கிறது என்று உதிரிப் பாகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காமல், பழையதைக் கையில் கொண்டுபோய் அளந்து பாருங்கள்.

ஒயரிங்

இந்த வண்டிகளின் மின்பாகங்களைச் செய்த லூகாஸ் நிறுவனத்தை எல்லோரும் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி, முப்பது வருடமாக ஒவ்வொரு எலக்ட்ரீஷியனும் கையில் கிடைத்த நிறத்தில் முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போன ஒயர்கள்தான். அசல் நிறங்களுக்கு ஒழுங்கு உண்டு: பழுப்பு எப்போதும் உயிருள்ள, ஃபியூஸ் இல்லாத கரன்ட். வெள்ளை சாவி போட்டபின் வருவது, பச்சை அதுவே ஃபியூஸ் வழியாக வருவது. ஊதா எப்போதும் உயிருள்ள ஃபியூஸ் லைன், நீலம் ஹெட்லைட், சிவப்பு சைடு லைட், கறுப்பு எர்த். இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொண்டு, சேர்த்தவற்றை ஒவ்வொன்றாக எடுங்கள்.

1967 வரையிலான வண்டிகளில் பாசிட்டிவ் எர்த், சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி. இது தெரியாமல் யாராவது பேட்டரியை வழக்கம்போல் மாட்டினால் மின்னணுப் பொருள் எதுவும் பிழைக்காது. பேட்டரிப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். எஞ்சினுக்கும் உடலுக்கும் நடுவே எர்த் பட்டை ஒன்று உண்டு. அது விட்டுப்போனால் ஸ்டார்ட்டர் கரன்ட் சோக் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும், கேபிள் பழுத்துவிடும். சோக் கம்பி சுட்டால் எங்கே பார்க்க வேண்டும் என்று இப்போது தெரியும்.

ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவருக்கு

சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டின் சேசிஸ் குடும்பம்தான் ஸ்பிட்ஃபயரும். முன் சஸ்பென்ஷனுக்கு ஹெரால்டு பாகம் தேடினால் வழி பிறக்கும். முன்சக்கரம் திரும்பும் எஃகுக் கம்பத்தைக் கீழே தாங்கும் பித்தளை ட்ரனியனுக்கு கிரீஸ் அடிப்பது கொலைக்குச் சமம். அதற்கு இ.பி. 90 கியர் ஆயில்தான். கிரீஸ் மரையின் அடிவரை போகாது, ஈரம் தங்கும், எஃகுக் கம்பம் அரித்து ஒரு நாள் ஒடியும், சக்கரம் மடங்கி உள்ளே போகும். அதிகமாக ஒடியும் நேரம் முழு ஸ்டியரிங்கில் மெதுவாகத் திரும்பும்போது. கொண்டை ஊசி வளைவில் செய்வது அதைத்தான். 1500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, துளை வழியே வழியும் வரை ஆயில் ஏற்றுங்கள். ஸ்டியரிங் கனத்தால் அதற்கு முன்பே. மார்க் 3 வரையிலான வண்டிகளில் வளைவின் நடுவில் திடீரென ஆக்சிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கி வால் வீசும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறையுங்கள்.

முதல் ஓட்டம்

முதல் நாளே உச்சிக்குப் போக வேண்டாம். அதிகாலையில், பேருந்துகள் கூடும் முன், அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் போய், ஐந்து வளைவு ஏறித் திரும்புங்கள். டிக்கியில் 5 லிட்டர் தண்ணீர், ஃபேன் பெல்ட், ஃபியூஸ், பாயின்ட், கன்டென்சர், இரண்டு சக்கரக் கட்டைகள். ஏற்றத்தில் எஞ்சின் ஆயில் அழுத்தம் 50 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனால் நிறுத்துங்கள். எஞ்சின் "கட கட"வென்று தட்டினால் கியரை இறக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் டைமிங்கை 2 டிகிரி பின்னால் தள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். மேலே போய் நிறுத்திய கால் மணி நேரத்தில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பெட்ரோல் ஆவியாகியிருக்கிறது. சோக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள்.

இறங்கும்போது ஓவர்டிரைவை (எஞ்சின் மெதுவாகச் சுற்ற உதவும் கூடுதல் கியர்) அணைத்துவிட்டு, ஏறிய அதே கியரில் இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டாவது. பிரேக்கை மெலிதாகத் தேய்த்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து விட்டுவிடுங்கள், இடைவேளையில் அது ஆறும். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவது விதி. பெடல் பஞ்சு போல் ஆனால் ஹேண்ட் பிரேக்கும் முதல் கியருமாக நிறுத்தி, அரை மணி நேரம் காத்திருங்கள்.

அடிவாரம் வந்ததும் ஓரமாக நிறுத்தி, நான்கு சக்கரத்தின் நடுவுக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். முன்னிரண்டும் ஒரே சூடு, பின்னிரண்டும் ஒரே சூடு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தணலாக இருந்தால் அந்தச் சக்கரத்தின் ஹோஸோ காலிப்பர் பிஸ்டனோ சிக்குகிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலையே செய்யவில்லை, மற்ற மூன்றும் அதன் பங்கைச் சுமந்து வந்திருக்கின்றன.